கம்பெனி திவால்... கடன் கொடுத்தவங்க கூட்டத்துல உங்களுக்கு ஓட்டு இருக்கா?

ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறீங்களா? ‘நம்ம கம்பெனி திவால் கேஸ்ல மாட்டிக்கிச்சு’ன்னு வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வந்தா, அடுத்து என்ன நடக்கும்?

இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருந்த ஆர்கிட் பார்மாவை எடுத்துக்கோங்க. 2017 ஆகஸ்ட்டில் திவால் நடைமுறை தொடங்கியது. முதலில் தேர்வான நிறுவனம் பணம் கொண்டுவரவில்லை. இழுபறிக்குப் பிறகு 2020 மார்ச்சில்தான் தனுகா லேபரட்டரீஸ் கைக்குப் போனது.

யாருக்குக் கொடுப்பது என்று ஓட்டுப் போடுவது கடன் கொடுத்தவர்கள் குழு. அங்கே ஆளுக்கு ஒரு ஓட்டு கிடையாது, கொடுத்த கடனுக்கு ஏற்பத்தான் ஓட்டு. அதனால் வங்கிகள் கைதான் ஓங்கும். இப்போதைய சட்டப்படி 66% ஓட்டு வேண்டும். சம்பள பாக்கி உள்ள தொழிலாளிக்கும், சரக்கு சப்ளை செய்தவருக்கும் ஓட்டே இல்லை. இவர்களின் மொத்த பாக்கி, கடனில் 10 சதவிகிதத்தைத் தொட்டால் பிரதிநிதி போய் உட்காரலாம், அவ்வளவுதான்.

அப்போ நீங்க செய்ய வேண்டியது? பேப்பரில் அறிவிப்பு வரும். அதில் சொல்லும் கடைசித் தேதிக்குள் படிவம் ‘டி’யை நிரப்பி, ஆதாரங்களோடு இடைக்காலத் தீர்வு நிபுணருக்கு அனுப்புங்க. கம்பெனியையே கலைக்கும் நிலை வந்தால், தொழிலாளர்களின் கடைசி 24 மாத பாக்கிக்கு, அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிகளுக்குச் சமமான இடம் உண்டு. பி.எஃப், கிராஜுவிட்டி நிதியில் வங்கிகள் கைவைக்க முடியாது.

ஆனால், பாக்கியை நிரூபிக்க ஆதாரம் வேணுமே! சம்பள சிலிப்பை போனில் இருந்து டெலிட் பண்ணிடாதீங்க.