முதல் வரியை காப்பி அடிக்கும் கூட்டம்

"கிட் புல்" என்று அடித்ததும் டெர்மினல் கத்துகிறது. உங்கள் கிளையும் சர்வரில் இருக்கும் கிளையும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன, எப்படிச் சேர்ப்பது என்று சொல்லுங்கள் என்கிறது. கூடவே மூன்று வழிகளை வரிசையாகக் காட்டுகிறது. பல ப்ராஜெக்ட் குழுக்களில் அடுத்து நடப்பது என்ன? மூன்றில் முதல் வரியை அப்படியே காப்பி செய்து ஒட்டுகிறார்கள். "குளோபல்" என்று வேறு சேர்த்து விடுகிறார்கள், இனி ஆயுசுக்கும் இந்தத் தொல்லை வரக்கூடாதாம்! கத்தல் நின்றது, டீ குடிக்கக் கிளம்பியாச்சு.

இதை வெறும் சோம்பேறித்தனம் என்று விட்டுவிட முடியாது மக்களே. கிட் கேட்டது ஒரு குழு முழுவதும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதற்கு ஒருவர் மட்டும், படித்துக்கூடப் பார்க்காமல், பதில் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்தவர் ராத்திரி முழுக்க முழித்து எழுதிய கோடு எங்கே போனது என்று டெமோ நாளில் தேடும்போதுதான் இதன் விலை தெரியும்.

கொஞ்சம் வரலாறு. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். லினக்ஸ் கெர்னல் ஆட்கள் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச உரிமம் பறிபோனதுதான் காரணம். அதன்பின் 15 வருடங்கள், கிளைகள் பிரிந்திருந்தால் கிட் புல் எதுவும் கேட்காமல் மெர்ஜ் செய்து வந்தது. 2020 ஜூனில் வந்த 2.27 பதிப்பு முதன்முதலாக எச்சரித்தது. 2021-இல் எச்சரிக்கை போய் எரரே வந்துவிட்டது: பதில் சொல்லாமல் நகர மாட்டேன்!

"15 வருஷம் சும்மா இருந்ததுக்கு இப்ப என்ன வந்துச்சு? புதுசா கத்துக்கறவங்களை எதுக்குப் பயமுறுத்தணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 15 வருடமும் எல்லாம் சரியாக இருந்தது என்று யார் சொன்னது? ஒரு சின்ன மாற்றத்தை இழுத்தாலே "மெர்ஜ் பிராஞ்ச்" என்று ஒரு கமிட் முளைக்கும். அதை எதற்குச் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பழைய லாகைத் திறந்தால் உண்மையான வேலை பாதி, இந்தக் குப்பை பாதி. கேள்வி முன்பும் இருந்தது. கிட் அதைக் கேட்காமல் தானே பதில் எழுதிக்கொண்டிருந்தது, அவ்வளவே.

சரி, அந்த மூன்று வழிகள் என்ன?

முதலாவது, "புல்.ரீபேஸ் ஃபால்ஸ்". அதாவது பழையபடி மெர்ஜ். இரண்டாவது, "புல்.ரீபேஸ் ட்ரூ". உங்கள் கமிட்களைக் கழற்றி, வந்ததற்கு மேலே புதிதாக மாட்டும். வரலாறு ஒரே கோடாக அழகாக இருக்கும். ஆனால் ஏற்கனவே புஷ் செய்து அடுத்தவர் எடுத்துக்கொண்ட கமிட்களை இப்படி மாற்றினால், அவர் கையில் பழைய பிரதி, உங்கள் கையில் புதுப் பிரதி. அங்கே தொடங்கும் கூத்து. மூன்றாவது, "புல்.எஃப்எஃப் ஒன்லி". நேராக முன்னே நகர முடிந்தால் நகரும், முடியாவிட்டால் நின்றுவிடும்.

மாணவர் குழுக்களுக்கு ஏற்றது இந்த மூன்றாவதுதான். நிற்பது தொல்லை இல்லை, அதுதான் பயனே. நின்றதும் என்ன வந்திருக்கிறது என்று லாகைப் பார்க்கலாம். பார்த்தபின் மெர்ஜா ரீபேஸா என்று தெரிந்தே செய்யலாம். பட்டியலில் இது கடைசியில் இருப்பதால்தானோ என்னவோ யாரும் சீண்டுவதில்லை :-)

அடுத்த கூத்து கான்ஃப்ளிக்ட். நூலக அபராதம் கணக்கிடும் ஒரு ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்ஃப்ளிக்ட் வந்த இடத்தில் மேலே "நாட்கள் × 2" என்றும், கீழே "(நாட்கள் − ஞாயிறுகள்) × 1" என்றும் இருக்கிறது. எது சரி? சொல்லவே முடியாது. அபராதத்தை ஒருவர் 1 ரூபாயிலிருந்து 2 ஆக்கினாரா, இன்னொருவர் 2-லிருந்து 1 ஆகக் குறைத்தாரா?

இப்போது "மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்" என்ற அமைப்பை "டிஃப்3" என்று மாற்றுங்கள். இரண்டுக்கும் நடுவே, பிரிவதற்கு முன்பு இருந்த மூல வரியும் தெரியும்: "நாட்கள் × 1". அட! ஒருவர் தொகையை மாற்றினார், இன்னொருவர் ஞாயிறைக் கழித்தார். இருவரும் சரி. விடை "(நாட்கள் − ஞாயிறுகள்) × 2". ஒரே ஒரு அமைப்பு, ஊகத்தைக் கணக்காக்கிவிட்டது. 2022 ஜனவரியில் வந்த 2.35 முதல் "இசட்டிஃப்3" என்று இன்னும் சுருக்கமாகக் காட்டும் வகையும் உண்டு. இவ்வளவு இருந்தும், யாரும் கேட்காவிட்டால் கிட் மூல வரியைக் காட்டுவதில்லை. அந்தக் குறை கிட்டின் மீதுதான்.

இதையெல்லாம் செய்யாமல் "தெயர்ஸ்" என்ற ஆப்ஷனைப் போட்டுத் தீர்த்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று இருக்கிறது. மெர்ஜில் அதைக் கொடுத்தால், மோதும் இடமெல்லாம் எதிர்ப்பக்கம் வென்றதாகக் கிட் எழுதிவிடும். கான்ஃப்ளிக்ட் என்ற சொல்லே திரையில் வராது. மேலே சொன்ன உதாரணத்தில் 2 ரூபாய் சத்தமில்லாமல் செத்துப்போகும். ரீபேஸில் இன்னும் மோசம். அங்கே "அவர்ஸ்", "தெயர்ஸ்" இரண்டும் இடம் மாறிவிடும், "தெயர்ஸ்" என்றால் உங்கள் கோடு! தெரியாமல் போட்டவர் அடுத்தவர் வேலையை அழித்துவிட்டு, தன் வேலையை விட்டுக்கொடுத்த தியாகி போல் இருப்பார். கிளையின் "மெர்ஜ்ஆப்ஷன்ஸ்" அமைப்பில் இதை நிரந்தரமாகவே எழுதி வைக்கவும் முடியும். அப்படி ஒரு ரெப்போவைப் பார்த்தால் முதலில் அந்த வரியை நீக்குங்கள்.

"நான் என் மெஷின்ல சரியா வெச்சிருக்கேன், போதாதா?" போதாது. கிட் கான்ஃபிக் ரெப்போவோடு பயணிக்காது. குளோன் செய்பவருக்கு அது போகவே போகாது. எந்த ப்ரோக்ராமை ஓட்டுவது என்றுகூடக் கான்ஃபிக்கில் எழுதலாம் என்பதால், முன்பின் தெரியாதவரின் கான்ஃபிக் தானாக வந்து உட்கார்வது ஆபத்து. ஆக நாலு பேர் குழுவில் நாலு விதமான மெர்ஜ் நடக்கலாம். ரெப்போவோடு பயணிப்பது "கிட்ஆட்ரிப்யூட்ஸ்" கோப்புதான். எந்தக் கோப்பை எப்படி மெர்ஜ் செய்வது என்று அதில் எழுதலாம். இரு பக்க வரிகளையும் வைத்துக்கொள்ளும் "யூனியன்" மாற்றப் பட்டியல் போன்ற கோப்புக்கு உதவும். வரிசை கலையலாம் என்பதால் ப்ரோக்ராம் கோப்புக்கு வேண்டவே வேண்டாம். மற்ற அமைப்புகளை ரீட்மீயில் நாலு வரியாக எழுதி, எல்லோரும் ஓட்ட வேண்டியதுதான்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, நாலு பேருக்கு எதுக்கு?" என்று கடைசியாக ஒரு சாக்கு வரும். கிட்டைப் பிறப்பித்த லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களிலேயே, எப்போது ரீபேஸ், எப்போது மெர்ஜ் என்று தனிப் பக்கம் இருக்கிறது. வெளியே விட்ட வரலாற்றை மாற்றாதே, மெர்ஜ் செய்தால் ஏன் என்று எழுது என்பதுதான் சாரம். கரைத்துக் குடித்தவர்களுக்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது, மூன்றாம் வருட மாணவருக்கு வேண்டாமா?

எந்த அமைப்பும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, இன்னொருவர் வேறு கோப்பில் பழைய பெயரையே அழைத்தால், கிட் முணுமுணுக்காமல் மெர்ஜ் செய்துவிடும். அதை டெஸ்ட்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கிட் தானாகவே நின்று, "இங்கே ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டும்" என்று சொல்லும் இடங்களிலாவது வாயை அடைக்காமல் இருக்கலாமே.

இன்றைக்கே "கிட் கான்ஃபிக் லிஸ்ட்" என்று அடித்துப் பாருங்கள். புல், மெர்ஜ் என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல முடிகிறதா? முடியாத வரிகளை நீக்கிவிட்டு, குழுவாக உட்கார்ந்து பேசி, மறுபடி எழுதுங்கள். பத்து நிமிட வேலை.