மைக்கைத் தூணில் கட்டாதீர்கள்!

நண்பர் ஒருவரின் தந்தைக்கு அறுபது வயது நிறைந்தது. காரைக்குடியில் அவர்கள் வீட்டிலேயே விழா. அதை எங்கள் பக்கத்தில் "சாந்தி" என்று சொல்வோம்.

மாலையில் வளவில் வீணைக் கச்சேரி. வாசித்தவர், எண்பது வயதைத் தாண்டிய வித்துவான். கை நடுங்குமோ என்று பயந்தோம். நடுங்கவில்லை! இரண்டு மணி நேரம் வாசித்தார். கூட்டம் வாய் திறக்காமல் கேட்டது.

"இதைப் பதிவு செய்து வையுங்கள். இனி இவர் வாசிப்பு கிடைக்குமோ, கிடைக்காதோ" என்று வீட்டு ஆச்சி முன்பே சொல்லியிருந்தார்கள். மைக்செட்காரரும் புதிதாக வாங்கிய சின்ன மைக்கைக் கொண்டு வந்திருந்தார். விரல் தடிமன்தான் இருக்கும். நல்ல மைக். விலையும் அதிகம்.

ஆனால், அதை மாட்டுவதற்கு ஸ்டாண்டு கொண்டு வரவில்லை!

அவர் என்ன செய்தார் தெரியுமா? கறுப்பு டேப்பை எடுத்தார். மைக்கை வளவின் தேக்குமரத் தூணோடு வைத்து, நாலு சுற்று சுற்றினார். "முடிந்தது அண்ணே" என்றார்.

அடுத்த ஆண்டு வித்துவான் காலமானார். ஆச்சி அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள்.

"டொக்... டொக்..." அது தூணில் சாய்ந்து விளையாடிய பிள்ளைகளின் சத்தம். "புர்ர்..." அது மின்விசிறியின் காற்று. வீணை எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது.

இது யார் குற்றம்? மைக்கின் குற்றம் அல்ல. தூண் சொன்னதை அது கேட்டது. காற்று சொன்னதைக் கேட்டது. வீணையைக் கேட்கும்படி அதை யாரும் வைக்கவில்லை.

முடியை விட மெல்லிய சவ்வு

இந்த மைக்குக்குக் "கண்டென்சர் மைக்" என்று பெயர். மேடைப் பேச்சாளர் கையில் பிடித்துக்கொண்டு முழங்குகிறாரே, அது வேறு வகை. அதற்குள் கம்பிச் சுருளும் காந்தமும் இருக்கின்றன. அது கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கண்டென்சர் மைக் அப்படி அல்ல. அதற்குள் ஒரு சவ்வு இருக்கிறது. சவ்வின் கனம் சில மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான் என்றால், அந்தச் சவ்வு எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

சவ்வுக்குப் பின்னால் ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவில் மின்னேற்றம். ஒலி பட்டால் சவ்வு அசைகிறது. சவ்வுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைகிறது. அந்த மாற்றம்தான் மின்சாரமாகிக் கம்பி வழியே போகிறது. இதற்காகக் கம்பி வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் மைக்குக்கு அனுப்பப்படுகிறது.

1916-ல் அமெரிக்காவில் வென்டே என்பவர் இதைக் கண்டுபிடித்தார். 1962-ல் அதே நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், செஸ்லர் என்ற இருவர், மின்னேற்றத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் சவ்வைக் கொண்டு புது மைக் செய்தார்கள். அதன் பிறகு மைக் சிறியதாயிற்று. விலையும் இறங்கியது. இன்று காரைக்குடி மைக்செட்காரர் பையிலும் அது இருக்கிறது.

மைக் வந்துவிட்டது. அதைப் பிடிக்கும் பக்குவம் வரவில்லை. என் வருத்தம் இதுதான்.

தட்டாதீர்கள், ஊதாதீர்கள்!

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், அதன் தலையில் தட்டுவது. இரண்டாவது, "பூ... பூ..." என்று ஊதுவது.

குழந்தை விழித்திருக்கிறதா என்று பார்க்க அதன் காதில் அறைவோமா? ஊதினால் வாயின் ஈரமும் எச்சிலும் சவ்வில் படியும். ஈரம் பட்டால் "சரசர"வென்று இரைச்சல் வரும். மைக்கின் முன்னால் பேசிப் பாருங்கள். அது போதும்.

கம்பியைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ஒலி அளவை முழுவதும் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் "டமார்" என்று ஒரு சத்தம் கேட்கும். பாட்டிகள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்!

இனி அந்தக் கறுப்பு டேப்புக்கு வருகிறேன். சின்ன மைக்கின் உடம்பில், தலைக்குச் சற்றுக் கீழே, மெல்லிய கீற்றுகள் இருக்கும். பலர் அதை அழகுக்காக வெட்டியது என்று நினைக்கிறார்கள். அல்ல. பின்னால் இருந்து வரும் ஒலி அந்தக் கீற்று வழியாகவும் நுழைந்து சவ்வின் பின்பக்கத்தைத் தொடும். முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் தள்ளினால் சவ்வு அசையாது. முன்னால் இருப்பதை மட்டும் கேட்டுப் பின்னால் இருப்பதைக் கேட்காமல் விடும் வித்தை இதில்தான் இருக்கிறது.

அந்தக் கீற்றை டேப் ஒட்டி மூடினால்? வித்தை போயிற்று! மைக் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கும். பந்திக் கட்டில் பாத்திரம் உருளுவதும் கச்சேரியில் சேரும். கையால் பொத்திப் பிடித்தாலும் இதே கதிதான்.

அதற்கு ஸ்டாண்டு வேண்டும். மூன்று கால் ஸ்டாண்டு. அதன் மேல் ரப்பர் பட்டையில் மைக்கைத் தொங்கவிடும் வளையம். தொட்டிலில் குழந்தை கிடப்பது போல மைக் அதில் கிடக்கும். தரையில் யார் நடந்தாலும் அதிர்ச்சி மைக்குக்குப் போகாது. ஸ்டாண்டின் கை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ, அந்தப் பக்கம் ஒரு கால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் தலைகுப்புற விழும். அடியில் ஒரு மணல் மூட்டை வைத்தால் இன்னும் நல்லது. கம்பி நடைபாதையில் கிடக்கக் கூடாது. ஒரு பட்டுப் பாவாடைக் குழந்தை ஓடி வந்தால் போதும்!

எங்கள் வீடுகளின் பெருமை

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். முட்டை வெள்ளை சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி போல மின்னும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுவழுப்பாக இருக்கும். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒலிப்பதிவுக்கு அதுவே தொல்லை! வழுவழுப்பான சுவர் ஒலியை விழுங்காது. திருப்பி எறியும். ஒரு மீட்டு, நாலு மீட்டாகக் கேட்கும். மைக்கைத் தூரத்தில் வைத்தால் வீணையை விடச் சுவர்தான் அதிகமாகப் பதியும்.

வழி இருக்கிறது. ஜமுக்காளங்களைத் தாராளமாக விரியுங்கள். பின்சுவரில் கனமான துணி தொங்க விடுங்கள். மக்கள் நிறைய உட்கார்ந்தால் அவர்களும் ஒலியை விழுங்குவார்கள். மைக்கை வீணைக்கு இரண்டடி தூரத்தில், மீட்டும் கையைப் பார்த்தபடி வையுங்கள். மிருதங்கத்துக்கு நேர் முன்னால், ஒரு முழம் தள்ளி வையுங்கள். வலந்தலைப் பக்கம் ஒட்டி வைத்தால் தொப்பி கேட்காது. மிருதங்க மேதை காரைக்குடி மணி (1945-2023) பிறந்த ஊரில் தொப்பி கேட்காத பதிவு வெளிவரலாமா?

மைக் இரண்டு இருந்தால், பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த முறையைக் கையாளலாம். ஒரே ஸ்டாண்டில் இரண்டையும் 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 டிகிரி கோணத்தில், வெளிப்பக்கம் பார்த்து விரித்து வைக்க வேண்டும். நம் இரண்டு காதும் கேட்பது போல இடம் வலம் தெரியப் பதியும்.

வீணையின் மேலேயே ஒட்டிக்கொள்ளும் மைக் ஒன்று உண்டு. பெரிய மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க அது தேவைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் பதிவுக்கு அது மட்டும் போதாது என்பது என் கருத்து. பலா மரக் குடத்தில் இருந்து ஒலி காற்றில் எழுந்து வந்தால்தான் அது வீணை.

காரைக்குடி சகோதரர்கள் என்று சுப்பராம அய்யரும் சாம்பசிவ அய்யரும் பெயர் பெற்றார்கள். மூத்தவர் வீணையை நிமிர்த்தி வைத்தே வாசிப்பார். இளையவர் 1952-ல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1958-ல் மறைந்தார். அவர் வாசிப்பில் சில பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. பழைய பதிவுதான். இரைச்சல் உண்டு. ஆனாலும் அந்த விரல் கேட்கிறது! யாரோ ஒருவர் அன்று மைக்கைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்.

ஒலிப்பதிவு இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. ஏ.வி. மெய்யப்பன் இங்கே பிறந்தவர். இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கிப் படத்துறைக்குப் போனார். ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கும் பின்னணிப் பாட்டு முறையை 1938-ல் "நந்தகுமார்" படத்தில் கொண்டுவந்தார். காரைக்குடியிலேயே ஸ்டூடியோ அமைத்தார். 1947-ல் வெளிவந்த "நாம் இருவர்" இங்கே எடுத்த படம்தான்!

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

மைக்செட்காரரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. அவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? இலை போட்ட பிறகு "சீக்கிரம் கட்டுப்பா" என்கிறோம். வீடியோக்காரர் வந்து, "முகத்தை மறைக்கிறது" என்று ஸ்டாண்டை நகர்த்துகிறார். நாம் பேசாமல் இருக்கிறோம். முகம் மறையக் கூடாது என்றுதானே இவ்வளவு சின்ன மைக்கையே செய்தார்கள்!

பூ அலங்காரத்துக்கு ஆயிரக் கணக்கில் செலவு செய்கிறோம். மறுநாள் அது குப்பை. பதிவுக்கென்று தனியாக ஓர் ஆளை, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார வைக்க மட்டும் கை வராது. அவர் ஒருவர் இருந்திருந்தால் முதல் "டொக்" கேட்டதுமே எழுந்து போயிருப்பார்.

ஒரு மணி நேரம் முன்னதாக மைக்செட்காரரை வரச் சொல்லுங்கள். வித்துவானை நாலு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கிக்குப் போகும் மைக் வேறு, பதிவு செய்யும் மைக் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். மைக் தலைக்குப் பஞ்சு உறை போடுங்கள். முடிந்ததும் மைக்கைத் துடைத்து, பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்கச் சொல்லுங்கள்.

சென்ற தை மாதம் அதே ஆச்சி வீட்டில் பேத்தி கல்யாணம். நாதசுரம் தொடங்கும் முன் நான் போய்விட்டேன். மைக்செட்காரர் அதே ஆள்தான். இந்தத் தடவை ஸ்டாண்டு கொண்டு வந்திருந்தார். ஆனால் பழக்கம் விடவில்லை. மைக்கைத் தட்டுவதற்குக் கையை ஓங்கினார்.

"தம்பி!" என்றார்கள் ஆச்சி, முகப்பில் இருந்தே.

கை இறங்கிவிட்டது.