வீடு வாங்குகிறவர் இல்லாத மாநாடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை என்னை அண்ணா சாலைப் பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு அழைத்துப் போனார். வீட்டுக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. "மாமா, நீங்க 34 வருஷம் பாங்கில் பத்திரம் பார்த்தவர். வீடு வாங்குவது, விற்பதில் என்னென்ன சீர்திருத்தம் வேண்டும் என்று மாநாடு நடக்கிறது. ஒரு பாஸ் கூடுதலாக இருக்கு, வாங்க" என்றார். ரிட்டயர் ஆன கிழவனுக்கு ஏ.சி. அறையும் மதியச் சாப்பாடும் கசக்குமா? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. குறையெல்லாம் மேடையைப் பற்றித்தான்.

காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை பேசினார்கள். கட்டுநர்கள் பேசினார்கள். கடன் கொடுப்பவர்கள் பேசினார்கள். வக்கீல்கள், மென்பொருள் விற்பவர்கள், ஆலோசகர்கள் எல்லோரும் பேசினார்கள். அனுமதியெல்லாம் ஒரே ஜன்னலில் கிடைக்க வேண்டும், முத்திரைத் தீர்வையைக் குறைக்க வேண்டும், காகிதமே இல்லாமல் பத்திரம் பதிய வேண்டும், வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் வீடு வாங்க வேண்டும். கேட்கக் கேட்க இனிமைதான். ஆனால் வீடு வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர், வாங்கி ஏமாந்தவர் ஒருவர், இந்த மூன்று பேரில் ஒருவர்கூட மேடை ஏறவில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரரும் மேளக்காரரும் பந்தல்காரரும் வந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் வராதது போல இருந்தது எனக்கு.

கடைசியில் கேள்வி நேரம். மைக்கைக் கேட்டு வாங்கினேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "பதிவான பத்திரத்தில் சொத்துரிமை தவறாக இருந்தால், அதற்கு யார் பொறுப்பு?"

மேடையில் இருந்த ஓர் இளைஞர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "சார், அதை வாங்குகிறவர்தான் நன்றாக விசாரித்துப் பார்த்து வாங்க வேண்டும்." கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பதிலுக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் குடியிருப்பு தென்சென்னைப் புறநகரில் 2 கிரவுண்டு மனையில் கட்டியது. 2 கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி. மொத்தம் எட்டு ஃபிளாட். முதல் ஆறு பேருக்குக் கட்டுநர் ஆளுக்கு 700 சதுர அடி பிரிபடாத பாகம் எழுதிக் கொடுத்தார். ஆக 4,200 போயிற்று. மீதி 600. கடைசி இரண்டு ஃபிளாட்டுக்கு ஆளுக்கு 300 எழுதியிருக்க வேண்டும். அவரோ ஆளுக்கு 490 எழுதினார். எட்டுப் பத்திரங்களையும் கூட்டினால் 5,180. இல்லாத 380 சதுர அடி நிலத்தை அந்த மனிதர் விற்றிருக்கிறார். எட்டுப் பத்திரமும் ஒரே ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவானவை. எட்டிலும் முத்திரை, கையெழுத்து, சாட்சி எல்லாம் சரியாக இருக்கின்றன.

எட்டாவதாக வாங்கியவர் மாடி வீட்டு அம்மாள். 1993-இல் அவருடைய கணவர் பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கினார். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அம்மாளுக்கு இப்போது 78 வயது. மாடிப்படி ஏற முடியவில்லை. ஃபிளாட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கீழ்த்தளத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தார். வாங்க வந்தவருடைய பாங்கு வக்கீல் எட்டுப் பத்திரங்களையும் வாங்கிக் கூட்டிப் பார்த்தார். ஏழு பேருக்குக் கொடுத்தது போக அம்மாளுக்கு மிஞ்சுவது வெறும் 110 சதுர அடி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கடன் கிடைக்கவில்லை. வந்தவரும் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்த இரண்டு பேரும் அப்படியே.

இதில் என் பங்கும் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டுவது நியாயம் இல்லை. 1993-இல் அந்த அம்மாளின் கணவர் வில்லங்கச் சான்றிதழை என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார். "பாங்க்காரர் நீங்க பார்த்துச் சொன்னால் போதும் சார்" என்றார். கையால் எழுதிய சான்றிதழ். அவருக்கு முன் ஏழு பேருக்கு எழுதிய பாகங்கள் அதில் வரிசையாக இருந்தன. நான் அடமானம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். "சுத்தமாக இருக்கு, தைரியமாக வாங்குங்க" என்றேன். கூட்டிப் பார்க்கவில்லை. தினமும் பத்திரம் பார்க்கிற நானே கூட்டிப் பார்க்கவில்லை என்றால், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ ஒரு பஸ் கண்டக்டரோ எப்படி விசாரித்துக் கண்டுபிடிப்பார்? "வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும்" என்று அந்தத் தம்பி சொன்னபோது எனக்கு ஏன் சுருக்கென்றது என்று இப்போது புரியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் ஊரில் பத்திரம் பதிவது என்றால் அரசாங்கம் அந்தச் சொத்துக்கு உத்தரவாதம் கொடுக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. விற்றவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் வாங்கியவருக்கு வரும். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பதிவாளர் ஆராய முடியாது என்பதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று சொன்ன தமிழ்நாட்டு விதி ஒன்றை அந்தத் தீர்ப்பில் ரத்துசெய்தது. நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. சட்டம் அப்படி இருந்தால் தீர்ப்பும் அப்படித்தான் இருக்கும். சட்டத்தையே மாற்று என்பதுதான் சீர்திருத்தம். அதைத்தான் மேடையில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது ரெரா இருக்கிறதே என்பீர்கள். 2016-இல் வந்த அந்தச் சட்டம் நல்ல சட்டம்தான். வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. கட்டுமானக் குறை தெரிந்தால் ஐந்து வருடம் வரை கட்டுநரே சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் நம் வயதுக்காரர்கள் விற்பது பழைய வீடு. ஒருவர் குடியிருந்த ஃபிளாட்டை இன்னொருவருக்கு விற்கும்போது ரெரா எட்டிப் பார்க்காது. நடுவில் நிற்கும் தரகருக்கும் அங்கே பதிவு கட்டாயம் இல்லை. பதிவான புதுத் திட்டங்களில் வேலை செய்யும் தரகருக்குத்தான் அது.

புது வீட்டுக்காவது முழுப் பாதுகாப்பா என்றால், அதுவும் இல்லை. 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையில் எட்டுக்கு மிகாத வீடுகள் கட்டினால் ரெராவில் பதிய வேண்டியதில்லை. நம் பக்கத்தில் பழைய தனி வீடுகளை இடித்துவிட்டு எழும் கட்டடங்களை எண்ணிப் பாருங்கள். 1 கிரவுண்டு 223 சதுர மீட்டர். 2 கிரவுண்டு 446. நாலு வீடு, ஆறு வீடு, எட்டு வீடு. அத்தனையும் வலைக்கு வெளியே நீந்துகிற மீன்கள். பெரிய கட்டுநரிடம் வாங்குகிற சம்பளக்காரருக்குச் சட்டம் இருக்கிறது. சந்துக்குள் வாங்குகிற ஓய்வூதியக்காரருக்கு ஒன்றும் இல்லை.

கட்டுகிற பணத்தையும் பார்ப்போம். 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 4,20,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 1,20,000 ரூபாய். இந்தப் பதிவுக் கட்டணம் ஒரு காலத்தில் 1 சதவீதமாக இருந்தது. 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது கட்டணத்தை 4 ஆக்கினார்கள். 2023-இல் பழைய மதிப்புக்கே திரும்பியபோது 2 ஆக்கினார்கள், 1 ஆக்கவில்லை. தீர்வை என்பது வரி, அதற்குப் பதிலாக எதையும் கேட்க முடியாது என்று வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டணம் என்பது செய்யும் வேலைக்குக் கூலி. 1,20,000 ரூபாய் கூலி வாங்குகிற ஆபீசில் ஒரு கூட்டல் கணக்குப் போடக் கூடாதா?

மாநாட்டுக்காரர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அனுமதிக்காக அலைவதும், அந்த மாதங்களில் வட்டி ஏறுவதும், அது கடைசியில் நம் தலையில் விடிவதும் உண்மை. கம்ப்யூட்டர் வந்ததால் எத்தனை நன்மை! ஈ.சி.க்கு மனுப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் நடந்த காலம் எனக்குத் தெரியும். இன்று பேரன் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிறான். 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டுகளுக்கு நிலப் பாகமும் கட்டடமும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள், அதுவும் நல்லதே. வேகம் வேண்டாம் என்பவன் இல்லை நான். ஆனால் தவறான பத்திரத்தை வேகமாகப் பதிந்தால் என்ன லாபம்? முன்பு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஏமாந்தோம். இனி ஐந்து நிமிடத்தில் ஏமாறுவோம்.

வேறு ஊர்களில் என்ன செய்கிறார்கள்? 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார. அங்கே அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பதிவேட்டின் தவறால் ஒருவருக்கு நஷ்டம் வந்தால் ஈடு கொடுக்க ஒரு நிதியும் வைத்தார்கள். நம்மவர்கள் வாழும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டாரன்ஸ் முறைதான். ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து, வீட்டை விற்பனைக்கு விடும் முன்பே விற்பவர் தன் செலவில் வீட்டின் நிலை பற்றிய அறிக்கை ஒன்றைத் தயாரித்து வைக்க வேண்டும். விசாரிக்கும் பாரத்தை அங்கே விற்பவர் தோளில் ஏற்றியிருக்கிறார்கள்.

நம் சட்டத்திலும் விதை இல்லாமல் இல்லை. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த குறையை விற்பவர் சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரிந்துவிடும் குறைக்கு அது பொருந்தாது. கூட்டிப் பார்த்திருக்கலாமே என்று யாராவது சொல்லிவிட்டால் எங்கள் அம்மாளுக்கு அந்தப் பிரிவால் பயன் இல்லை. ரெராவின் 16-ஆம் பிரிவு, நிலத்தின் உரிமைக்குக் கட்டுநர் காப்பீடு எடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. அரசு அறிவிக்கை செய்தால்தான் அது கட்டாயம். தீர்வையைக் குறை, தளப் பரப்பைக் கூட்டு என்று பட்டியல் போட்டவர்களில் ஒருவர்கூட "அந்த அறிவிக்கையை வெளியிடுங்கள், நாங்கள் காப்பீடு எடுக்கிறோம்" என்று கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்?

என்னைப் பேச விட்டிருந்தால் மூன்றே விஷயம் கேட்டிருப்பேன். முதலாவது, ஒரு மனையில் ஒவ்வொரு பாகம் பதிவாகும்போதும் மிச்சம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கழித்துக் காட்ட வேண்டும். மிச்சத்துக்கு மேல் எழுதினால் பதிவு நிற்க வேண்டும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை, மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்த கணக்கு. இரண்டாவது, விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று முன்பணம் வாங்கும் முன்பே கைமாற வேண்டும். பிறகு அது பத்திரத்தோடு சேர வேண்டும். மூன்றாவது, நாம் கட்டும் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, இப்படி மோசம் போனவர்களுக்கு ஈடு கொடுக்க நிதி வைக்க வேண்டும்.

இதெல்லாம் வரும்போது வரட்டும். எங்கள் அம்மாளுக்கு அதுவரை காத்திருக்க வயது இல்லை. அவருக்கு இருக்கிற வழி, எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து பிழை திருத்தல் பத்திரம் எழுதுவதுதான். முதல் ஆறு பேர் ஆளுக்குச் சுமார் 51 சதுர அடியும் கடைசி இரண்டு பேர் சுமார் 36 சதுர அடியும் விட்டுக்கொடுத்தால் கணக்கு 4,800-க்கு வந்துவிடும். "எங்க பத்திரம் சரியாகத்தானே இருக்கு, நாங்க ஏன் விட்டுக்கொடுக்கணும்?" என்கிறார்கள் இரண்டு வீட்டுக்காரர்கள். ஒரு வீட்டுக்காரர் காலமாகி, வாரிசுகளில் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். கட்டுநர் எங்கே என்றே தெரியவில்லை.

முதல் ஆறு பேரில் நானும் ஒருவன். என்னுடைய 51 சதுர அடியை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். தர்மம் என்று நினைக்காதீர்கள், அந்தச் சான்றிதழைப் பார்த்துத் தலையாட்டியவன் நான்.

ஃபிளாட்டில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் குடியிருப்பில் எல்லாப் பத்திரங்களையும் எடுத்து வையுங்கள். பிரிபடாத பாகங்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். மனையின் அளவோடு சரியாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், எல்லோரும் உயிரோடும் ஊரிலும் பேச்சுவார்த்தையிலும் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.