பின்சுவர்க் குழாயும் கிணற்று நீரும்

மலசலகூடத்தைப் பற்றி எழுதினால் முகஞ்சுளிக்கும் வாசகர்கள் உண்டு. புத்தளம் கரையோரத்தில் அது குடிநீரைப் பற்றிய பேச்சு. ஆகவே எழுதுகிறேன்.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். ஓலைக் கொட்டில்கள் காலப்போக்கில் சிறு காணித்துண்டுகளில் கல்வீடுகளாயின. 2007 இல் உலக வங்கி 32 மில்லியன் டொலர் நிதியளித்த வீடமைப்புத் திட்டம் நீரையும் மலசலகூடத்தையும் சேர்த்தே கணக்கிட்டது. பாராட்டத்தக்கதே. ஆனால் காணி பெருகவில்லை. பத்துப் பேர்ச் காணியைச் சதுரமாகக் கொண்டால் ஒரு பக்கம் 52 அடி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு வேறு.

மண்ணோ மணல். கற்பிட்டியில் உவர்நீரின் மேல் தங்கி நிற்கும் மழைநீரே நன்னீர். மாரியில் அது நிலமட்டத்தை நெருங்கி வரும். அங்கே குழியை ஓரடி ஆழமாக்குவது, கழிவை ஓரடி கிணற்று நீருக்கு அருகே கொண்டுபோவதாகும்.

கோப்பை வாங்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை. கடையில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். 'எஸ் ட்ராப்' உள்ள கொமட் கழிவை நேரே தரைக்குள் இறக்கும். குழாய் தரைக்கடியில் திரும்பித்தான் வெளியேற வேண்டும். 'பீ ட்ராப்' ஆனால், தரையிலிருந்து ஏழு அங்குல உயரத்தில் பின்சுவரைத் துளைத்து வெளியே போய்விடும். இரண்டுக்கும் உயர வேறுபாடு ஓரடிக்குக் குறையாது. நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடிச் சரிவு போதும். அதாவது, ஆழத்தைக் கூட்டாமலே தொட்டியை நாற்பது அடி தள்ளி வைக்கலாம். சிறு காணியில் இதைவிடப் பெரிய இலாபம் எது? குந்தியிருக்கும் கோப்பையாயின், தரையை இரண்டு படி உயர்த்தினால் இதே பலன் கிடைக்கும்.

இடம் போதாது என்று மேசன்மார் செங்கோண 'எல்போ' ஒன்றைச் செருகிவிடுவார்கள். அடைப்பு அங்கேதான் தொடங்கும். 45 பாகை வளைவுகள் இரண்டு போட்டால் சில அங்குலம் கூடச் செல்லும், அவ்வளவே. எஸ் ட்ராப்தான் வேண்டுமென்போர், மாபிள் ஒட்டிய பின் நிற்கப்போகும் சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை அளந்துகொண்டு கடைக்குப் போகட்டும். இந்த அளவு கொமட்டுக்குக் கொமட் மாறும்.

அடி திறந்த குழியாக இருந்தால் எந்த ட்ராப்பும் கிணற்றைக் காக்காது என்பதும் உண்மை. அடைத்த தொட்டியும், அதை வெறுமையாக்கப் பவுசர் வந்துபோக ஒழுங்கையும் வேண்டும். மலசலகூடம் கட்டிக்கொடுக்கும் அமைப்புகள் கதவு, கூரை, சுவரின் அளவுகளை வரைபடத்தில் குறிக்கின்றன. குழாய் வெளியேறும் உயரத்தையும் அதே வரைபடத்தில் எழுதச் சொல்வது அதிகப்படியான கோரிக்கையல்ல. எழுதாவிட்டால், கடையில் அன்றைக்கு இருப்பதுதான் வந்து சேரும்.