புகைக்கு வரி போட்டார்கள். பணம் எங்கே போனது?

குற்றாலத்தில் சீசன் கடை போடும் சகோதரரே! தென்காசி பஜாரில் கல்லாவில் அமர்ந்திருக்கும் வணிகரே! வளைகுடாவில் உழைத்த காசைக் கொண்டுவந்து கடையநல்லூரில் தொழில் தொடங்கியிருக்கும் இளைஞரே! கரியமில வாயு என்றதும் 'அது படித்தவர்கள் பேச்சு, நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது உங்கள் பணத்தைப் பற்றிய விஷயம்.

2010ல் மத்திய அரசு நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய எரிசக்தி செஸ் போட்டது. 2014ல் அது 100 ஆனது, 2015ல் 200, 2016ல் 400. அனல் மின்நிலையம் அதைத் தன் கையிலிருந்தா கட்டும்? மின்சாரத்தின் விலையில் ஏற்றியது. உங்கள் கடை விளக்கும் குளிர்பதனப் பெட்டியும் சேர்ந்து கட்டிய பணம் அது.

காற்றாலை, சூரிய ஒளி போன்றவற்றுக்குச் செலவிடத் தனி நிதி என்றார்கள். நடந்தது என்ன? 2010-11 முதல் 2017-18 வரை வசூலானது சுமார் 86,440 கோடி. அந்த நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 29,600 கோடி சொச்சம். திட்டங்களுக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 15,900 கோடி! 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும் இதே செஸ், மாநிலங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கும் செஸ்ஸாக மாறியது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு நிலக்கரியின் ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கிவிட்டார்கள். தூய எரிசக்தி என்ற பெயர்கூட இப்போது இல்லை.

பள்ளிவாசல் மினாரா கட்ட வசூலித்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மினாராவுக்குப் போகவில்லை என்றால், ஜமாஅத் கூட்டத்தில் ரசீது புத்தகத்தைக் கேட்க மாட்டோமா?

இப்போது கார்பன் சந்தை என்கிறார்கள். 2022ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023ல் திட்டத்தை அறிவித்து, 2025 அக்டோபரில் சிமெண்ட், அலுமினியம், காகிதம் முதலான ஆலைகளுக்கு இலக்கு வைத்தார்கள். ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு புகை என்பதுதான் இலக்கு. சரக்கு பெருகினால் மொத்தப் புகையும் பெருகலாம்! இலக்கைவிடக் குறைத்த ஆலை சான்றிதழ் பெற்று விற்கும், மீறிய ஆலை வாங்கும். பணம் முதலாளியிடமிருந்து முதலாளிக்கு. புகையால் பாதிக்கப்படுகிறவனுக்கு இதில் என்ன பங்கு?

அமெரிக்காவைப் புகழ்வது நம் வேலையல்ல. ஆனாலும் அங்கே வாஷிங்டன் மாநிலம் (தலைநகரம் அல்ல, மேற்குக் கரையில் உள்ள மாநிலம்) 2021ல் போட்ட சட்டத்தைப் பாருங்கள். மொத்தப் புகைக்கே உச்சவரம்பு. அது ஆண்டுதோறும் குறையும். சில ஆலைகளுக்கு இலவச ஒதுக்கீடு உண்டென்றாலும், எண்ணெய்க் கம்பெனிகள் அனுமதியை அரசிடம் ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் குறைந்தது 35 சதவீதம் மாசினால் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதி மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பெட்ரோல் விலை ஏறுகிறது, சட்டத்தை ஒழியுங்கள் என்று 2024 நவம்பரில் வாக்கெடுப்பு கொண்டுவந்தார்கள். மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். பணம் எங்கே போகிறது என்பது தெரிந்தால் மக்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அந்த ஒரு வெள்ளத்துக்கு இந்தப் புகைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பூமி சூடாகச் சூடாக, குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை கூடும் என்பது விஞ்ஞானம். அருவியில் குளிக்கத் தடை என்று அறிவிப்பு வந்தால் அன்றைய வியாபாரம் அதோடு போயிற்று. குத்தகைப் பணத்தை யாராவது திருப்பித் தருகிறார்களா? வெள்ளம் வருவதை முன்கூட்டியே சொல்லும் கருவிக்கும், நஷ்டப்பட்ட வியாபாரிக்கும் செலவிடத்தான் ஒரு நிதி வேண்டும் என்கிறோம்.

தென்காசி, கடையநல்லூர் வணிகர்கள் அடுத்த சங்கக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும் அனுப்புங்கள். கார்பன் அனுமதியை ஏலம் விடு, அந்தப் பணத்தைச் சட்டப்படி தனி நிதியாக வை, மாநிலத்துக்குப் பங்கு கொடு என்று கேளுங்கள். 86,440 கோடிக்கு வரவு செலவுக் கணக்கையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.