தாலி மட்டும் போதுமா?

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி கொரோனா ஊரடங்கு வந்தது. பஸ்கள் நின்றன. பிறகு, கலியாணத்துக்கு 50 பேர் கூடலாம் என்றார்கள்.

சடையங்குப்பத்தில் ஓர் ஏழைப்பெண் அப்போது வீட்டு வாசலிலேயே தாலி கட்டிக்கொண்டாள் என்று வையுங்கள். கடன் இல்லாத கலியாணம், நல்லதுதான்! ஆனால் பதிவு?

தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு சட்டப்படி எந்த மதத்தினரின் திருமணத்தையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால், கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை செய்யலாம். அன்றாடக் கூலிக்காரருக்கு அந்தப் பணமும் பெரிதே. நாளை கணவன் கைவிட்டால், "இவள் என் மனைவியே அல்ல" என்று சாதித்தால், அந்தத் தாள்தான் அவளுக்குப் பலமான சாட்சி.

வழக்குத் தொடரும் கெடுவை சுப்ரீம் கோர்ட்டு 2020 மார்ச் 15 முதல் நீட்டித்தது. கலியாணப் பதிவுக்கும் அப்படியொரு விதியைச் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். ஊரடங்கு நாட்களை அந்த 90 நாள் கணக்கில் சேர்க்கவே கூடாது.