ஒருவருக்கு ஒரு கணக்கு போதும்

 

ஆசிரியர் விபரம் பதிய ஒரு தளம், பாடங்களுக்கு இன்னொன்று, பரீட்சை விண்ணப்பத்துக்கு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல். நினைவில் நிற்காததால் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறோம். அவசரத்துக்குப் பக்கத்து மேசை ஆசிரியரிடமும் கொடுத்துவிடுகிறோம். பிழை எங்களிடமும் இருக்கிறது. ஆனால் நாளைக்கு ஒரு பிள்ளையின் புள்ளி மாறியிருந்தால், யார் மாற்றியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கான வழி புதியதல்ல. 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான எல்டாப் என்ற முறை எங்கள் சேர்வு இடாப்பைப் போன்றதுதான். பெயர், பொறுப்பு, கடவுச்சொல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். மற்றத் தளங்கள் அந்த இடாப்பிடம் கேட்டுத்தான் கதவைத் திறக்கும். ஓபன்எல்டாப் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு இதை ஏற்கெனவே செய்கிறது. எடுரோம் வசதியுள்ள வளாகத்துக்கு வேறு பல்கலைக்கழக மாணவர் போனாலும், தன் சொந்தக் கணக்கிலேயே வைஃபை பாவிக்கலாம். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அவருடைய பல்கலைக்கழகம்தான். பாடசாலைகளுக்கு மட்டும் இது ஏன் எட்டாக்கனி?

ஒரே கணக்கு என்றால் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பாவிப்பதல்ல. ஒருவருக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஆசிரியர் இடமாற்றம் பெற்றால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், பழைய பாடசாலையின் எல்லாக் கதவுகளும் அன்றே மூடிவிடும்.

ஒரு சாவி தொலைந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான பயம். அதனால் ஆசிரியர் கணக்குகளுக்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும்.

ஆனால் பிள்ளைகளுக்கு அதைத் தொலைபேசியில் கட்டிவைக்கக் கூடாது. பசறை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் வீட்டின் ஒரே போன் கொழும்பில் வேலை செய்யும் தகப்பனிடம் இருக்கலாம். தாய் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். குறியீட்டு இலக்கம் யார் கைக்கு வரும்? கடவுச்சொல் மறந்த பிள்ளைக்கு, முகம் தெரிந்த வகுப்பாசிரியரே புதியதைக் கொடுக்க வேண்டும். பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி ஒரே தடவை பதியப்பட வேண்டும். ஒரு தளத்தில் ஒரு எழுத்து, இன்னொன்றில் வேறு எழுத்து என்றால், பிறகு பரீட்சைச் சான்றிதழோடு அலைவது அந்தப் பிள்ளைதான்.

முழு நாட்டுக்கும் உடனே கேட்கவில்லை. ஊவாவில் ஒரு வலயத்தில், தோட்டப் பாடசாலைகளையும் சேர்த்துத் தொடங்கிப் பார்க்கலாமே. ஆசிரியர் நண்பர்களே, உங்கள் பாடசாலை நிலைமையையும் எழுதுங்கள்.